பின்சில்லு ஏன் துள்ளியது? கழற்றப்பட்ட ஒரு குழாயின் கதை

பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்ற இடத்திலிருந்து முழுவேகத்தில கிளம்புவதை வீடியோவில பார்த்திருப்பீர்கள். கிளச்சை விட்டதும் ரயர் புகைக்கும், கார் சீறிப் பாயும். சில கார்கள் அப்படிப் பாய்வதில்லை. பின்பக்கம் தடதடவென்று ஆடும். பின்சில்லு றோட்டை விட்டு எழும்பி எழும்பி விழும். அடியில யாரோ சம்மட்டியால அடிக்கிற மாதிரிச் சத்தம் வரும். ஓட்டுகிறவர் உடனே காலை எடுக்காவிட்டால் அச்சோ டிபரென்சலோ உடைந்துபோகலாம்.

இதைச் சில்லுத் துள்ளல் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் இது ஒரு மெக்கானிக்கின் தலையிடி மாதிரித்தான் தெரியும். ஆனால் இது ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினையாக வந்தது என்று தேடிப்போனால், 1950களில் அமெரிக்கக் கார்த் தொழில் எடுத்த ஒரு முடிவில போய் நிற்கிறோம்.

துள்ளல் எப்படி வருகிறது?

கரும்பலகையில சோக்கை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தித் தள்ளிப் பாருங்கள். கோடு விழாது, புள்ளி புள்ளியாக விழும். சோக்கு பலகையைப் பிடிக்கிறது, பிறகு வழுக்குகிறது, திரும்பப் பிடிக்கிறது. கை கொஞ்சம் வளைந்து கொடுப்பதாலதான் இது நடக்கிறது.

காரிலும் இதே கதைதான். எஞ்சின் பின்சில்லை முன்பக்கமாகச் சுழற்றும்போது, அந்தச் சில்லைத் தாங்கி நிற்கிற அச்சுக்கூடு எதிர்ப்பக்கமாகச் சுழலப் பார்க்கும். அதை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். லீஃப் ஸ்பிரிங் உள்ள காரில் பிடிப்பது அந்த ஸ்பிரிங்தான். விசை கூடக்கூட நேராக இருந்த தகடு ஆங்கில எஸ் எழுத்துப்போல நெளியும். ரயர் வழுக்கின உடனே நெளிந்த தகடு விடுபட்டுத் திரும்பி உதைக்கும். அச்சு குதிக்கும், சில்லு றோட்டை விடும். விழுந்ததும் ரயர் திரும்பப் பிடிக்கும், தகடு திரும்ப நெளியும். ஒரு விநாடிக்குப் பத்துத் தடவை அளவில இது நடக்கும். ஒவ்வொரு தடவை விழும்போதும் அச்சிலும் பற்சக்கரங்களிலும் ஓர் அடி விழுகிறது.

குழாய் இருந்த காலம்

ஆரம்பகால அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இந்தத் தொல்லைக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. ஃபோர்டின் மொடல் டி காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குப் போகிற சுழல்தண்டைச் சுற்றி உறுதியான இரும்புக்குழாய் ஒன்று இருந்தது. அதன் பின்முனை அச்சோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருந்தது. அச்சு சுழலப் பார்த்தால் அந்த நீளமான குழாய் பிடித்து நிறுத்தும். ஸ்பிரிங்குக்கு ஒரே வேலைதான் இருந்தது: பள்ளம் திட்டியில் காரைத் தாங்குவது.

ஆனால் குழாய் பாரமானது, செலவும் கூட. கியர்பெட்டியைக் கழற்றவேண்டி வந்தால் பின்பக்கத்தையும் கழற்றவேண்டி வரும். மற்றப்பக்கம், ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கொம்பனியின் பேரால அழைக்கப்படுகிற முறை இருந்தது. அதில குழாயே இல்லை. சுழல்தண்டு திறந்தபடி ஓடும், அச்சைப் பிடிக்கிற வேலையையும் லீஃப் ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். இலேசு, மலிவு, கழற்றிப் பூட்டச் சுகம்.

ஃபோர்ட் 1949 மாதிரியோடு குழாயைக் கைவிட்டது. செவர்லே 1955 மாதிரியோடு கைவிட்டது.

இந்த முறையில அடிப்படைப் பிழை ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில நாங்கள் கண்ட ஒஸ்ரின் ஏ-40 கார்களிலும் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்தான், குழாய் கிடையாது. அது ஏன் துள்ளவில்லை? பேரிலேயே பதில் இருக்கு. அதன் எஞ்சின் ஏறத்தாழ 40 குதிரைவலு. அந்த அளவு விசைக்கு ஸ்பிரிங் இரண்டு வேலையையும் அமைதியாகச் செய்யும்.

ஒரே வருசத்தில இரண்டு மாற்றம்

செவர்லேயின் 1955 மாதிரியைத்தான் நாங்கள் கவனிக்க வேணும். குழாய் போன அதே மாதிரியில புதிய வி-8 எஞ்சின் வந்தது. 4.3 லீற்றர், தொடக்கத்தில 162 குதிரைவலு. அதற்கு முந்தைய வருசச் சாதாரண செவர்லேக்கள் 125ஐத் தாண்டவில்லை. அதாவது, முறுக்கு விசையைப் பிடித்துக்கொண்டிருந்த உறுப்பை எடுத்ததும், அந்த விசையைக் கூட்டத் தொடங்கினதும் ஒரே நேரத்தில நடந்தன.

அப்ப யாருக்கும் உறைக்கவில்லை. பிறகுதான் குதிரைவலுப் போட்டி சூடு பிடித்தது. 1964 ஏப்ரலில் ஃபோர்ட் மஸ்டாங்கை வெளியிட்டது. முதல் வருசத்திலேயே 4 இலட்சத்துக்கு மேல விற்றது. செவர்லே அவசரமாகப் பதில் தேடி, 1966 செப்டெம்பரில் கமாரோவைச் சந்தைக்கு விட்டது. கமாரோவின் பின்ஸ்பிரிங்கில் ஒரேயொரு தகடுதான். 1962இல் வந்த செவி-2 என்ற சிக்கனமான குடும்பக் காரில் பாவித்த யோசனை அது. குடும்பக் காருக்கு அது நல்ல ஸ்பிரிங். தகடுகள் ஒன்றோடொன்று உரசாது, சத்தம் போடாது, சவாரி மெத்தென்று இருக்கும். ஆனால் 1967 கமாரோவை 6.5 லீற்றர், 375 குதிரைவலு எஞ்சினோடும் வாங்கலாம். 12 வருசத்தில விசை இரண்டு மடங்குக்கு மேல. பிடிப்பதற்கு ஒற்றைத் தகடு.

துள்ளாமல் என்ன செய்யும்?

ஒட்டுப்போட்ட காலம்

இதற்கு அந்தக் காலத்தில வந்த மருந்துகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் நோயை ஒவ்வொரு விதமாக விளங்கிக்கொண்டது தெரியும்.

1965 ஷெல்பி ஜிடி350 மஸ்டாங்கில், அச்சு சுழலாமல் பிடிக்க இரண்டு பக்கமும் கம்பி பூட்டினார்கள். குழாய் செய்த வேலையை வேறு உருவத்தில திருப்பிக் கொடுத்ததுதான் அது. 1967 கமாரோவின் சில சக்தி கூடிய மாதிரிகளுக்கும் கொம்பனி வலப்பக்கத்தில் அப்படி ஒரு கம்பியைப் பூட்டியது. 1968இல் செவர்லே இன்னொரு வழிக்குப் போனது. சக்தி கூடிய கமாரோக்களுக்குப் பல தகடுள்ள ஸ்பிரிங் கொடுத்தது. இரண்டு ஷொக் அப்சோபரில் ஒன்றை அச்சுக்கு முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் சாய்த்து வைத்தது. ஷொக் அப்சோபர் மேல்கீழ் அசைவைத்தான் அடக்கும். முன்னும் பின்னுமாக வைத்தால், அச்சு சுழலும்போது ஒன்று சுருங்கும், மற்றது நீளும். அப்ப சுழற்சியும் அடங்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது கிரைஸ்லரின் வழி. அவர்களுடைய ஸ்பிரிங்கில் அச்சு நடுவில இல்லை, நன்றாக முன்தள்ளி இருக்கும். முன்துண்டு கட்டை, ஆகவே விறைப்பு. அது முறுக்கலைப் பிடிக்கும். பின்துண்டு நீளம், ஆகவே மெது. அது சவாரியைப் பார்க்கும். ஒரு ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை கொடுத்தால், அதற்குள்ளேயே இரண்டு பகுதி வேணும் என்பதை ஒத்துக்கொண்ட வடிவமைப்பு இது. அங்கே ராம்சார்ஜர்ஸ் என்று ஒரு கூட்டம் இருந்தது. கிரைஸ்லரில் வேலை செய்த இளம் பொறியியலாளர்கள் 1950களின் கடைசியில சேர்ந்து அமைத்த பந்தயக் கழகம். பகலில வரைந்த காரை விடுமுறையில ஓட்டி, எங்கே உடைகிறது என்று தாங்களே பார்த்தவர்கள்.

குழாய் திரும்பி வந்தது

1982இல் மூன்றாம் தலைமுறைக் கமாரோ வந்தது. பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் இல்லை, சுருள் ஸ்பிரிங். சுருளால அச்சைப் பிடிக்க முடியாது. ஆகவே அச்சிலிருந்து முன்னால கியர்பெட்டி வரைக்கும் ஒரு நீளமான கை பூட்டப்பட்டது. வடிவம் வேறு, வேலை பழைய குழாயின் வேலைதான். 1955 மாதிரியோடு செவர்லே கைவிட்டது, பிறகு வேறு பேரோடு வந்து சேர்ந்தது. 1984இன் நடுப்பகுதியில் மஸ்டாங் ஜிடியும் அச்சின் சுழற்சியை அடக்கவென்றே இரண்டு ஷொக் அப்சோபரைப் படுக்கையாகப் பூட்டியது.

சில்லுகளைத் தனித்தனியாகத் தொங்கவிட்டால் பிரச்சினை தீரும் என்று நினைக்கலாம். தீரவில்லை. 1999 மஸ்டாங் கோப்ரா அப்படித்தான் வந்தது. 2003இல் அதற்கு 390 குதிரைவலு கிடைத்ததும் துள்ளலுக்குப் பேர்போன காராக ஆகிவிட்டது. இங்கே நெளிந்தது தகடு இல்லை. டிபரென்சலைத் தாங்கின இறப்பர் புஷ்களும், சில்லுக்குப் போகிற தண்டுகளும்தான் முறுகி விடுபட்டன. நேர்கோட்டுப் பந்தயக்காரர் சிலர் அந்த முழு அமைப்பையும் கழற்றிப்போட்டு, பழைய ஒற்றை அச்சைத் திரும்பப் பூட்டினார்கள். 556 குதிரைவலுவுள்ள 2009 கடிலாக் சிடிஎஸ்-வி காருக்கு ஜெனரல் மோட்டர்ஸ் கண்ட வழி அழகானது: இடது, வலது தண்டுகளை வெவ்வேறு தடிப்பில் செய்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில முறுகாவிட்டால், துள்ளல் சேர்ந்து வளராது.

அப்ப எங்கே பார்ப்பது?

இந்த வரலாறு கராஜிலும் உதவும். துள்ளுகிற கார் ஒன்று வந்தால், கேட்கவேண்டிய முதல் கேள்வி: விசை எங்கே சேர்ந்து, எங்கேயிருந்து திரும்பி உதைக்கிறது?

காசு குறைந்ததில தொடங்குங்கள். ரயர் காற்று, தேய்மானம், எண்ணெய் கசிகிற ஷொக் அப்சோபர், வெடித்த இறப்பர் புஷ், அச்சை ஸ்பிரிங்கோடு கட்டுகிற யூ-போல்ட்டின் இறுக்கம், எஞ்சினும் கியர்பெட்டியும் உட்காருகிற இறப்பர். இவை சரியென்றால், காருக்கு அடியில சின்னக் கமரா ஒன்றை இறுக்கிப் பூட்டி, ஆள் இல்லாத இடத்தில மெதுவாகக் கிளம்பிப் படம் எடுங்கள். அச்சின் மூக்கு மேலே எழும்பித் தகடு நெளிந்தால், அதைப் பிடிக்க ஒரு கை வேணும். மூக்கு அசையாமல் சில்லு மட்டும் துள்ளினால், ஷொக் அப்சோபரைச் சந்தேகியுங்கள். தனித்தொங்கலில் டிபரென்சலே ஆடினால் புஷ்ஷைப் பாருங்கள். விறைப்பான புஷ் போட்டால் துள்ளல் குறையும், ஆனால் சத்தமும் அதிர்வும் காருக்குள்ள வரும். அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

பார்க்காமல் தடித்த ஸ்பிரிங்கையும் தடித்த அச்சையும் வாங்கிப் பூட்டுவதுதான் வழமையான பிழை. உடைந்தது அச்சு என்பதால குற்றம் அச்சில என்று நினைக்கிறோம். 1967 கமாரோவின் ஒற்றைத் தகட்டையும் அப்படித்தான் பலர் திட்டினார்கள். அது நல்ல தகடு. குழாயை எடுத்தவர்கள், அதன் வேலை யாருக்குப் போகிறது என்று கணக்குப் பார்க்கவில்லை.