ஊர் ஒன்று, பேர் மூன்று

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ருஷ்ய நாவல்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதினேன். டாஸ்டாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் ரஸ்கோல்னிகாவ், வாடகை பாக்கிக்குப் பயந்து வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் லெனின்கிராட் தெருக்களில் அலைந்தான் என்று அதில் ஒரு வாக்கியம். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் சிநேகிதர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓய், அந்த நாவல் வந்தது 1866-ல். லெனின் பிறந்ததே 1870-ல். பிறக்காத பிள்ளையின் பேரை ஊருக்கு வைத்துவிட்டீரே!" என்று சிரித்தார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த கட்டுரையில் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன். அது இரண்டாவது மகாயுத்தத்தில் அதே ஊர் பட்ட பாட்டைப் பற்றியது. இன்று அதற்கு வழங்கும் பேர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தானே? ஆகவே 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முற்றுகை' என்றே ஆதியோடந்தம் எழுதினேன். இந்தத் தடவை சிநேகிதர் சிரிக்கவில்லை.

"முன்னது சின்னத் தப்பு ஐயா. இது பெரிய தப்பு" என்றார்.

ஏன் பெரிய தப்பு? அந்தப் பேரின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

1703-ஆம் வருஷம், நேவா நதி கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தில் ஜார் பீட்டர் இந்த ஊருக்கு அஸ்திவாரம் போட்டார். தம்முடைய பேரையே வைத்துக்கொண்டார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது ஏசுநாதரின் சீடரான புனித பீட்டரின் பேர். ஹாலந்துக்குப் போய்க் கப்பல் கட்டக் கற்றுவந்த ஜாருக்கு அந்த நாட்டின் மேல் மோகம். பேரும் டச்சுக்காரர் வாடையோடுதான் பிறந்தது. பிறகு ஜெர்மன் வடிவத்தில் நிலைத்தது.

அதுவே பின்னால் வினையாயிற்று. 1914-ல் ஜெர்மனியோடு யுத்தம் மூண்டதும், தலைநகருக்குச் சத்துருவின் பாஷையில் பேரா என்று கேள்வி எழுந்தது. 'பர்க்' போய், ஊர் என்று பொருள்படும் 'கிராட்' வந்தது. ஊர் பெட்ரோகிராட் ஆயிற்று. 'செயின்ட்'டும் கூடவே போய்விட்டது! 1917-ல் இரண்டு புரட்சிகள் நடந்ததும், அவ்வருஷம் ஏப்ரலில் லெனின் ரயிலை விட்டு இறங்கியதும் இந்தப் பெட்ரோகிராடில்தான். 1918-ல் தலைநகரம் மாஸ்கோவுக்குப் போயிற்று. 1924 ஜனவரி 21-ல் லெனின் காலமானார். ஐந்தே நாளில் ஊருக்கு லெனின்கிராட் என்று நாமகரணம் ஆயிற்று. ஆகவே லெனின் ஒரு நாளும் லெனின்கிராடில் காலடி வைத்ததில்லை.

ஷோஸ்டகோவிச் என்ற சங்கீத மேதையைப் பாருங்கள். 1906-ல் அவர் பிறந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்கில். 1919-ல் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தது பெட்ரோகிராடில். 1926-ல் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியது லெனின்கிராடில். இத்தனைக்கும் மனிதர் ஊர் மாறவில்லை!

1941 செப்டம்பர் 8-ல் ஜெர்மானியர் ஊரை வளைத்தார்கள். 1944 ஜனவரி 27-ல்தான் முற்றுகை முழுதும் விலகியது. மொத்தம் 872 நாட்கள். முதல் குளிர்காலத்தில், குழந்தைகளுக்கும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் பாதி மாவு, பாதி கலப்படம். பட்டினியிலும் குளிரிலும் பல லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கிடையில், 1942 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, எலும்பும் தோலுமான வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள். அந்த சிம்பொனிக்கு உலகம் இட்ட பேர் 'லெனின்கிராட்'.

1991 ஜூனில் ஜனங்களிடம் வோட்டுக் கேட்டார்கள். நூற்றுக்கு 54 பேருக்குச் சற்று அதிகமாகவே பழைய பேர் வேண்டும் என்றார்கள். செப்டம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பி வந்தது. முற்றுகையில் பிழைத்த கிழவர்களும் கிழவிகளும் பலர் அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர்களுக்கு லெனின்கிராட் என்பது ஒரு கட்சித் தலைவரின் பேர் அல்ல. பெற்றவர்களைப் புதைத்த ஊரின் பேர். ஊரைச் சுற்றியுள்ள மாகாணத்துக்கு மாத்திரம் இன்றும் லெனின்கிராட் என்ற பேரே இருந்துவருகிறது.

இங்கிலீஷில் எழுதுகிறவர்களுக்கு வழி சுலபம்தான். இன்றைய ஊரைச் சொன்னால் இன்றைய பேர். நடந்துபோனதைச் சொன்னால் நடந்த வருஷத்தின் பேர். பேரை மாற்றிக்கொள்ள இருப்பவர்களுக்கு உரிமை உண்டு. மாண்டவர்களின் விலாசத்தை மாற்ற நமக்கு என்ன உரிமை?

அன்று ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டுரையில் பதினேழு இடங்களில் 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க்' இருந்தது. ஒவ்வொன்றாக அடித்து, மேலே 'லெனின்கிராட்' என்று எழுதினேன்.