புது அலமாரியில் கண் எரிவது ஏன்? பிளைவுட்டை ஒட்டும் சோயா பசை: முழு விளக்கம்

புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதா? நெடி மூக்கில் ஏறுகிறதா? அது மரத்தின் வாசனை இல்லை. பெரும்பாலும், பிளைவுட்டை ஒட்டிய பசையில் இருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு!

என்ன பிரச்னை?

யூரியா ஃபார்மால்டிஹைடு பசை விலை குறைவு, சூட்டில் சட்டென இறுகும். அதனால் ஆலைகளுக்குப் பிடித்துப்போனது. ஆனால் இறுகிய பிறகும் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வெயிலும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. ஆலைத் தொழிலாளர்களும் தச்சர்களும் தினமும் சுவாசிப்பது இதைத்தான்.

மாற்று என்ன?

எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவு. இது புதுசு இல்லை. 1920-களிலேயே அமெரிக்காவில் சோயா பசையில் பிளைவுட் தயாரித்தார்கள். தண்ணீர் பட்டால் பிடி தளரும் என்பதுதான் அதன் பலவீனம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரசாயனப் பசைகள் அதை ஓரங்கட்டின.

சிப்பி சொல்லித் தந்த பாடம்

எவ்வளவு அலை அடித்தாலும் கடல் சிப்பி பாறையை விடாது. காரணம், அது சுரக்கும் புரதம். இதைக் கவனித்த ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கைசாங் லி, சோயா புரதத்தையும் அப்படி மாற்ற முயன்றார். புரத இழைகள் நூல்கண்டு போல சுருண்டிருக்கும். அவற்றைப் பிரித்து, டிஷ்யூ பேப்பர் ஈரத்தில் கிழியாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பிசினைக் கலந்து சூட்டில் அழுத்தினால், இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். பிறகு தண்ணீர் எளிதில் பிரிக்காது. கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் 2005-ல் இந்தப் பசையில் பிளைவுட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007-ல் இதற்கு அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

நம்ம ஊர் கடலை?

தென்னேரி, உத்திரமேரூர் அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நெல்லோடு நிலக்கடலையும் விளைகிறது. எண்ணெய் ஆட்டிய பின் மிஞ்சும் கடலைப் புண்ணாக்கில் கிட்டத்தட்ட பாதி புரதம்தான். அதிலும் பசை செய்யலாம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் புண்ணாக்கு ஏற்கனவே மாட்டுத் தீவனம். தீவன விலைக்கு மேல் கொடுத்து வாங்கி, ரசாயனப் பசையோடு விலையில் போட்டி போட வேண்டும். சவால் அங்கேதான்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பலகையில் 'இ-1', 'இ-0' என்று இருக்கிறதா பாருங்கள். இ-2-வை விட இ-1-ல் கசிவு குறைவு, இ-0-வில் இன்னும் குறைவு. ஆனால் அது தாவரப் பசையா என்பதை இந்த முத்திரை சொல்லாது. கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புது மரச்சாமான் வந்த முதல் சில வாரங்கள், ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.