ஐந்து விளக்குகளும் ஒரு மின்வெட்டும்: தமிழகக் கூரைகளில் சூரிய மின்கலம்

சூரிய மின்கலத்தின் வரலாற்றைத் தொடுவோர் ஜான் பெர்லினைத் தாண்டிப் போக முடியாது. 1999-இல் வந்த அவரது நூலின் தலைப்பே ‘விண்ணிலிருந்து மண்ணுக்கு’ என்று பொருள்படும். 1954-இல் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் உருவாக்கிய சிலிக்கன் மின்கலம், விழும் ஒளியில் சுமார் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. விலையோ யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 1958-இல் வேன்கார்டு செயற்கைக்கோள் அதற்கு வாழ்வளித்தது. 1970-களின் தொடக்கத்தில் எலியட் பெர்மன் ஒரு வாட்டின் விலையை 100 டாலரிலிருந்து 20 டாலராக இறக்கினார். பிறகு கடல்நடு எண்ணெய் மேடைகள், மிதவை விளக்குகள், ஒதுக்குப்புறக் கிராமங்கள் என்று பரவி, கம்பி ஓடும் ஊர்களின் கூரைகளுக்கு மின்கலம் கடைசியில்தான் வந்தது. பெர்லின் வரையும் வரிசை இதுதான்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை இதில் எனக்கு மறுப்பில்லை. 1999-இல் எழுதியவர் 2011-இல் தமிழகம் அறிவித்த திட்டத்தை அறிந்திருக்கவும் முடியாது. ஆனால் அந்த வரிசையைத் தமிழகத்தின் மேல் அப்படியே விரித்தால் பொருந்தவில்லை. பெர்லினிடம் மின்கலத்தை இழுத்து வருவது தொலைவு. தமிழகமோ கிராம மின்மயத்தை ஏறத்தாழ முடித்துவிட்ட மாநிலம். கம்பி வாசல்வரை வந்திருந்தது. அதில் மின்சாரம்தான் வருவதும் போவதுமாக இருந்தது.

முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் 2011-இல் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தொடக்கத்தில் வீட்டுக்கு ஒதுக்கிய 1.80 லட்சம் ரூபாயில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என இடத்துக்கு ஒன்றாக ஐந்து விளக்குகள். இந்த விவரங்களை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அவற்றை அடுத்து வரும் ஒரு விதியைக் கவனிப்போர் குறைவு: பயனாளி விரும்பினால் மின்வாரிய இணைப்பும் மீட்டருடன் பெறலாம். கம்பி எட்டாத இடத்துக்காக வகுத்த திட்டத்தில் இப்படி ஒரு விதிக்கு வேலையே இல்லை. வாரிய மின்சாரம் பக்கத்திலேயே உண்டு என்று வைத்துக்கொண்டு, அதை மட்டும் நம்பாத வெளிச்சத்தைத்தான் அரசு வாங்கியது என்றே இதை நான் படிக்கிறேன்.

விதியில் மின்வெட்டு என்ற பேச்சே இல்லை என்று மறுக்கலாம். சரிதான். மின்வெட்டு உச்சம் தொட்டது 2012-இல். அறிவிப்பு அதற்கு முந்தியது. ஆனால் பற்றாக்குறை 2008 முதலே இருந்தது. விளக்குகளின் அமைப்பும் என் பக்கமே நிற்கிறது. மின்கலத்துக்குள் பாஸ்பரஸ் கலந்த சிலிக்கனும் போரான் கலந்த சிலிக்கனும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் உண்டு. ஒளி விடுவித்த எலக்ட்ரானை அது ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. ஒரு மின்கலம் தருவது அரை வோல்ட் அளவுதான். அதனால் 36 கலங்களைத் தொடராகக் கோத்து 12 வோல்ட் பேட்டரியை ஏற்றுவது வழக்கம். இந்த விளக்குகளைப் போலப் பேட்டரியோடு கூடிய அமைப்புக்கு வாரியக் கம்பி செத்தாலும் கவலையில்லை.

2012-ஆம் ஆண்டு சூரிய மின்கொள்கைக்குப் பின் வளர்ந்த கூரை அமைப்போ நேர்மாறு. அந்தக் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட்டை இலக்காக வைத்தது. பேட்டரியில்லாமல் வாரியக் கம்பியோடு இணையும் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கும் லைன்மேன் உயிர் முக்கியம். ஆக, நட்ட நடுப்பகலிலும் மின்வெட்டு வந்தால் அந்தக் கூரை சும்மா கிடக்கும். ஐந்து விளக்கும் இதுவும் ஒரே மரபின் முன்பின் கட்டங்கள் அல்ல, இரண்டு தனி மரபுகள். பெர்லினின் ஒற்றைக் கோடு இங்கே அறுகிறது.

என் வாசிப்புக்கும் ஓர் இடறல் உண்டு. பசுமை வீடு கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமான திட்டம். திருவேற்காடு நகராட்சியைச் சேர்ந்த வேலப்பன்சாவடி போன்ற புறநகர்களுக்கு அது வரவில்லை. மின்வெட்டு மட்டும் வந்தது. அங்கே வீடுகள் வாங்கியது சூரியத் தகட்டையல்ல. வாரிய மின்சாரத்தையே சேமித்து வைக்கும் இன்வெர்ட்டரையும் ஈய-அமில பேட்டரியையும்தான். எனவே மின்வெட்டு கேட்டது பேட்டரியை. அதன் தலைமேல் தகட்டை ஏற்றியது, வீட்டுக்கு 30,000 என்று ஒதுக்கிய அரசுப் பணம். இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை மின்வாரிய இணைப்பு பற்றிய அந்த ஒற்றை விதியை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.