கவிதா இறங்கும் ஸ்டேஷன்

கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' 1974இல் வெளிவந்தது. சம்பளத்துக்குப் போகும் பெண் அப்போது சென்னைக்குப் புதியவள் அல்ல. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதலே ஓடிக்கொண்டிருந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று தெற்கே வீடுகள் பெருகப் பெருக, அந்த ரயிலில் டைப்பிஸ்டுகளும் ஆசிரியைகளும் நர்சுகளும் பெருகினார்கள். அவர்களில் ஒருத்தியின் சம்பளத்தை ஒரு கதையின் நடுவில் வைத்தது இந்தப் படம்.

கவிதாவாக நடித்த சுஜாதாவுக்கு இதுதான் முதல் தமிழ்ப் படம். அப்பா துறவியாகிப் போய்விட்டார். அண்ணன் குடிகாரன். விதவையான தங்கையும் பார்வையில்லாத தம்பியும் வீட்டில். எல்லோருக்கும் சோறு அவள் சம்பளத்தில். காதலித்தவனைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறாள். கடைசியில் தனக்கு அமைந்த கல்யாணத்தையும் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள்.

நம் வீடுகளில் இதற்குத் 'தியாகம்' என்று பெயர். இப்போது மறுபடி பார்க்கும்போது எனக்குத் தியாகத்தைவிட அவளுடைய கோபம்தான் பெரிதாகத் தெரிகிறது. கவிதா சிரித்துக்கொண்டே கொடுப்பவள் அல்ல. சிடுசிடுக்கிறாள், கணக்குக் கேட்கிறாள், குத்திக்காட்டுகிறாள். வீட்டார் அவளுடைய பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. இதே பேச்சை ஓர் அண்ணன் பேசியிருந்தால் 'பொறுப்பானவன்' என்றிருப்பார்கள்.

ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் 'மேகே டாக்கா தாரா' (1960) இதற்கு மூத்த சகோதரி. அதில் நீதாவும் குடும்பத்தைச் சுமக்கிறாள், காதலனைத் தங்கையிடம் இழக்கிறாள். முடிவுதான் வேறு. காசநோயாளியாக ஒரு மலைச் சானடோரியத்தில் கிடந்து, தான் வாழ விரும்பியதை அண்ணனிடம் கதறிச் சொல்கிறாள். கவிதாவுக்கு நோய் வரவில்லை, கதறவும் இடமில்லை. மறுநாள் ஆபீஸ் இருக்கிறது.

தாம்பரத்தை அறிந்தவர்களுக்குச் சானடோரியம் என்பது ஒரு ஸ்டேஷனின் பெயர். 1928இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. 1984இல் அதே பகுதியில் ஏற்றுமதி வளாகமான 'மெப்ஸ்' வந்தது. ஆயத்த ஆடைக்கும் மின்னணுப் பொருளுக்குமான கம்பெனிகளில் வேலை செய்ய, பெண்கள் அந்த ஸ்டேஷனில் இறங்கத் தொடங்கினார்கள். நீதா முடிந்துபோன இடத்தின் பெயரைக் கொண்ட நிறுத்தத்தில், கவிதாக்கள் ஷிப்டுக்கு இறங்குகிறார்கள்.

இந்தக் கதை தெலுங்கில் 1976இலும், இந்தியில் 1982இலும், கன்னடத்தில் 1983இலும் மீண்டும் படமானது. பெண்ணின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவளுக்குத் 'தியாகி' என்று பட்டம் கொடுக்கும் வீடுகள் எல்லா மொழியிலும் இருந்தன.

எனவே மாணவிகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டும்போது, கவிதா நல்லவளா என்று நான் கேட்பதில்லை. முதல் தேதி சம்பளம் வந்ததும் அது யார் கைக்குப் போகிறது, அதில் அவளுக்கென்று எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்கிறேன். பதில் சொல்லும்போது பலர் படத்தை விட்டுவிட்டுத் தங்கள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.