றோயல் கல்லூரி, கொழும்பு

றோயல் கல்லூரி, கொழும்பு 7 இல் உள்ள அரச ஆண்கள் பாடசாலை. கல்வி அமைச்சின் கீழ் நேரடியாக இயங்கும் தேசியப் பாடசாலைகளுள் ஒன்று. பெயரில் கல்லூரி என இருப்பினும் பட்டப்படிப்பு இல்லை. தரம் 1 முதல் 13 வரை சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் கற்பிக்கப்படுகிறது.

1835 இல் ஜோசப் மார்ஷ் பாதிரியார் தனியார் பள்ளியாகத் தொடங்கிய இதனை, மறு ஆண்டே ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் அரசு பொறுப்பேற்று ‘கொழும்பு அகாதமி’ ஆக்கியது. 1881 இல் இன்றைய பெயர் வந்தது. 1923 இல் றீட் அவெனியூவுக்கு இடம்பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் கட்டடம் இராணுவ மருத்துவமனையானதால் வகுப்புகள் பங்களாக்களில் நடந்தன.

பொன்னம்பலம் இராமநாதன், ஜே. ஆர். ஜயவர்தன ஆகியோர் பழைய மாணவர்கள்.

புனித தோமையர் கல்லூரியுடனான கிரிக்கெட் போட்டி 1879 இல் ஆசிரியர்களும் சேர்ந்தாடத் தொடங்கி, மறு ஆண்டு முதல் மாணவர்களுக்கே உரியதாயிற்று. 1885 ஆட்டத்தில் றோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இரண்டாம் நாள் களமிறங்கவில்லை. அதனைத் தோமையர் அணி வெற்றியென்றும் றோயல் சமநிலையென்றும் இன்றும் கணக்கில் வைத்துள்ளன.