பெயர் பெற்ற அணியும் எடைக்குப் போன பிடியும்

1876 மார்ச் 28 அன்று ஜப்பானின் மெய்ஜி அரசு, படைவீரரும் காவலரும் சடங்குடை அணிந்த அதிகாரிகளும் தவிர வேறெவரும் வாள் தரித்து வெளியே நடமாடக் கூடாது என்று ஆணையிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1878-இல், லிட்டன் பிரபுவின் ஆட்சி இந்தியாவில் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், துப்பாக்கியோடு வாளையும் குத்துவாளையும் ஈட்டியையும் உரிமம் வேண்டும் பொருள்களின் வரிசையில் சேர்த்து, ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கும் அளித்தது. இவ்வாறு இரு நாடுகளிலும் வாள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இடுப்பை விட்டு இறங்கியது. ஆயினும் ஜப்பானில் அதன் பிடியும் காப்பும் குமிழும் தனித்தனிக் கலைப்பொருள்களாகி, செய்தவன் பெயரோடு உலகெங்கும் சேகரிக்கப்பட்டன. தமிழகத்திலோ அவற்றிற்கு இணையான வேலைப்பாடுடைய பிடிகளுள் பெரும்பகுதி பழைய இரும்பின் விலைக்குப் போயிற்று. இந்த வேறுபாட்டிற்கு ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் வாள் கட்டப்பட்ட முறையிலேயே அதன் பாதி விளக்கம் அடங்கியிருக்கிறது.

ஜப்பானிய வாளின் அலகு, பிடிக்குள் நீண்டு செல்லும் ஒரு வாலுடன் அடிக்கப்படுகிறது. அந்த வாலிலும் மரப்பிடியிலும் ஒத்த இடத்தில் துளையிட்டு, மெகுகி எனப்படும் சிறு மூங்கில் ஆணியைச் செருகிவிட்டால் வாள் முழுமை பெறுகிறது. ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி, கையைக் காக்கும் ட்சுபா என்னும் வட்டத்தகடு, பிடியின் வாயை வளைத்துப் பிடிக்கும் ஃபுச்சி என்னும் பூண் ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வருகின்றன. பிடியின் நுனியை மூடும் தொப்பிக்குக் காஷிரா என்றும், பிடியின் இருபுறமும் பட்டுநாடாச் சுற்றுக்கு அடியில் பதியும் சிற்றுருவங்களுக்கு மெனுகி என்றும், உறையின் பக்கவாட்டில் செருகப்படும் சிறுகத்தியின் கைப்பிடிக்குக் கோசுகா என்றும் பெயர். ஒரே அலகுக்குப் போருக்கொரு கோப்பும் அரசவைக்கொரு கோப்பும் வைத்துக்கொள்வது வழக்கமாயிருந்தமையால், அணிகள் அலகைச் சாராத தனிவாழ்வை முன்னரே பெற்றிருந்தன. 15-ஆம் நூற்றாண்டில் அஷிகாகா ஷோகன் யொஷிமசாவிடம் பணிபுரிந்த கோட்டோ யூஜோவில் தொடங்கிய பொற்கொல்லர் குடி, 17 தலைமுறைகள் இடையறாது ஆட்சியாளர்களுக்கு இவ்வணிகளையே செய்து கொடுத்தது.

தமிழகத்தின் பழைய வாள்களில் அமைப்பு வேறு. பெரும்பாலான இந்திய வாள்களின் அலகு, குட்டையான வாலோடு உலோகப் பிடியின் உட்குழிவில் இறக்கப்பட்டு, சூடாக்கி ஊற்றிய அரக்குக் கலவையால் இறுக்கப்பட்டது. கட்டாரி எனப்படும் குத்துவாளில், இரு பக்கக் கம்பிகளையும் அவற்றுக்கு இடையே கை பற்றும் குறுக்குக் கம்பிகளையும் கொண்ட பிடியோடு அலகு தறையப்பட்டிருக்கும். அணியை மட்டும் கழற்றிப் பேழையில் வைத்துப் பார்த்து மகிழும் பழக்கம் பிறக்க இவ்வமைப்பு இடம் தரவில்லை. அதோடு, இப்பிடிகளைச் செய்த கொல்லர் தம் பெயரைப் பொறிக்கவும் இல்லை. பெயரில்லாப் பொருள் பின்னாளில் எடைக்குப் போவது எளிதாயிற்று.

இந்த எடைக்கணக்கு மிகப் பெரிய அளவில் நடந்த இடம் தஞ்சாவூர். நாயக்கர் காலத்திலும் 1676 முதல் மராட்டியர் காலத்திலும் நிரம்பிய அரண்மனை ஆயுதசாலையில் கட்டாரி, வாள், அங்குசம், கவசம் எனப் பலவகைப் படைக்கலங்கள் குவிந்திருந்தன. கைப்புறத்தை மூடும் எஃகுத் தகடு படமெடுத்த நாகம் போலவோ விரிந்த இதழ் போலவோ வளைந்து நிற்பதும், பக்கக் கம்பிகள் சல்லடைபோல் துளைத்த வேலைப்பாடு கொண்டிருப்பதும், யாளி வாயிலிருந்து அலகு வெளிப்படுவதும் அங்கிருந்து வந்த கட்டாரிகளின் அடையாளங்கள். இவற்றுள் பலவற்றின் அலகுகள் ஐரோப்பியக் கப்பல்கள் கொணர்ந்த வாளலகுகளை வெட்டிப் பொருத்தியவை. ஆகவே உள்ளூர்க் கைத்திறன் முழுமையாக வெளிப்பட்ட இடம் பிடிதான்.

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரசு தஞ்சாவூர் அரச உரிமையை முடித்து, அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. அரசி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1859-இல் தோற்றது. பின்னர் 1862-இல் அரசே மனமிரங்கிச் சொத்தை வாரிசுகளுக்கு விட்டுக்கொடுத்தது. ஆயுதசாலையோ கலைந்தே போயிற்று. சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கென்று தேர்ந்தெடுத்தவை போக, எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்ட செய்தியை, சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த எம். ஜே. வால்ஹவுஸ் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதினார். அது வெளிவந்த ஆண்டும் 1878. அதே அரண்மனையின் சரசுவதி மகால் சுவடிகளுக்கு ஏ. சி. பர்னல் அட்டவணை தயாரித்து 1880-இல் அச்சேற்றினார். ஓலை தப்பியது, எஃகு தப்பவில்லை. சுவடியைப் படித்து வகைப்படுத்த ஓர் அறிஞர் முன்வந்ததே இதற்குக் காரணம்.

கொள்ளிடத்தின் வடகரையில், அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கிய அரியலூரும் உடையார்பாளையமும் தஞ்சைக்கு அண்டையில் அமைந்த பாளையங்கள். முன்னதை மழவராயர்களும், பின்னதைக் காலாட்படைக்குத் தோழர் என்ற பொருளில் 'காலாட்கள் தோழ' எனும் பட்டம் சூடிய உடையார்களும் ஆண்டனர். தெற்கே பாளையக்காரர் போர்கள் முடிந்த பின், 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை அப்பகுதிப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்தது; வடகரைப் பாளையங்களோ ஜமீன்களாகச் சுருங்கி, உ. வே. சாமிநாதையரின் இளமைக் காலத்தில் வித்துவான்களைப் போற்றும் அவைகளாக நின்றன.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி, கலியுக வரதராசப் பெருமாள் தூணுருவில் வழிபடப்படும் கோயிலால் தமிழகத்தில் பெயர் பெற்றது. உலக அறிவியல் நூல்களில் அதன் பெயர் ஏறியதோ சுண்ணாம்புப் பாறையால். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து, சிப்பிப் புதைபடிவங்கள் செறிந்த பாறையடுக்கு ஒன்றிற்கு நிலவியலார் கல்லங்குறிச்சியின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். தஞ்சைப் பிடிகள் கலைக்கப்பட்டதற்கு ஏறத்தாழ ஒத்த காலத்தில்தான், 1860-களிலும் 1870-களின் தொடக்கத்திலும், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இவ்வட்டாரத்துக் கற்சிப்பிகளை ஒவ்வொன்றாக அளந்து, படம் வரைந்து, கிடைத்த ஊரையும் குறித்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அதே அரசாங்கத்தின் ஒரு துறை சிப்பிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்க, மற்றொரு துறை வாள்பிடியைத் தராசில் ஏற்றியது விந்தையே.

ஜப்பானில் 1876-க்குப் பின் வேலையிழந்த அணிவினைஞர்களுள் சிலர் பூச்சாடியும் புகைக்குழலும் செய்யத் திரும்பினர். அவர்களுள் தலைசிறந்தவரான கானோ நட்சுவோ, 1871-இல் திறக்கப்பட்ட ஒசாகா நாணயச்சாலைக்கு அச்சு செதுக்கி, பின்னர் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் கற்பித்து, 1898-இல் மறைந்தார். கழற்றப்பட்ட ட்சுபாக்கள் மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஹென்றி ஜோலி போன்றோர் லண்டனில் தனியார் சேகரங்களுக்கு விரிவான அட்டவணைகள் தொகுத்தபோது, தகட்டில் பொறித்த கையொப்பமே அவர்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. போலிக் கையொப்பங்களும் ஏராளம் என்பதால் மறுபாதி வேலை கூடிற்று என்பதும் உண்மை.

இச்சேகரிப்பின் ஒரு கிளை தமிழர் வாழ்வை ஒட்டியே ஓடுகிறது. சுவிட்சர்லாந்தில் 1865-இல் பிறந்த ஆல்ஃபிரட் பௌர், வோல்கார்ட் சகோதரர்கள் நிறுவனத்தின் ஊழியராக 1884-இல் கொழும்புக்கு வந்து, 1897-இல் சொந்தமாக உர நிறுவனம் தொடங்கி, இலங்கையின் தோட்டங்களுக்கு உரம் விற்றுச் செல்வரானார். அத்தீவின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெருந்தொகையினர் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பத்தினர். பௌர் 1906-இல் ஜெனீவாவுக்குத் திரும்பிய பின், முதலில் டி. பி. பிளோ என்னும் ஆங்கிலேய வணிகர் வழியாகவும், 1920-களில் கீழைநாட்டுப் பயணத்தின்போது அறிமுகமான கியோட்டோ வணிகர் டொமிடா குமாசாகு வழியாகவும் வாளணி, அரக்குப்பேழை, பீங்கான் எனத் தேர்ந்து வாங்கினார். 1964-இல் ஜெனீவாவில் திறக்கப்பட்ட அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தின் வாளணிகளுக்கு பி. டபிள்யூ. ராபின்சன் தனி அட்டவணை நூலே எழுதினார். மற்றொரு சேகரிப்பாளரான அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன், ஜப்பானிய அணிகளையும் இந்தியக் கட்டாரிகளையும் ஒருசேர வாங்கி, 1934-இல் உலக ஆயுதங்களுக்கு ஒரு சொற்களஞ்சியம் வெளியிட்டு, மறு ஆண்டு இறக்கும்போது தம் சேகரத்தை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு எழுதி வைத்தார். தென்னிந்தியக் கட்டாரியும் ஜப்பானிய ட்சுபாவும் இன்று அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

இவ்விரு மரபும் கடல்வழியே முன்னரும் சந்தித்தவை. ஜப்பானிய அணிவேலையின் உயிரான செம்பு, 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியால் நாகசாகியிலிருந்து பெருமளவில் சோழமண்டலக் கரைக்கு ஏற்றி வரப்பட்டு, பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் காசாகவும் கலமாகவும் உருமாறியது. எதிர்த்திசையில் இக்கரையின் துணிகள் ஜப்பானுக்குச் சென்றன; மயிலாப்பூரின் சாந்தோம் பெயராலேயே ஒருவகைக் கோடுபோட்ட துணி அங்கு வழங்கிற்று.

பராமரிப்பில்தான் இரு மரபுகளின் மனப்பாங்கும் கூர்மையாக முரண்படுகிறது. ஷாகுடோ என்பது செம்பில் சில விழுக்காடு பொன் சேர்த்த கலவை; ஷிபுயிச்சி என்பது கால்பங்கு அளவுக்கு வெள்ளி சேர்த்தது. இரண்டும் தாமிர உப்புகள் கலந்த நீரில் கொதிக்க வைத்தபின் முறையே கருநீலமும் சாம்பலும் ஏறி அழகு பெறுகின்றன. அந்நிறம் மயிரிழையினும் மெல்லிய படலம். மெருகுத்தூள் கொண்டு ஒருமுறை தேய்த்தாலே அடியிலுள்ள செம்பு பல்லிளிக்கும். இரும்புத் தகட்டின் கருமையும் அவ்வாறே போற்றப்படுவது. ஆகவே அனுபவமுள்ள சேகரிப்பாளர், உதிரும் செந்துருவை மட்டும் எலும்பாலோ மூங்கிலாலோ செய்த மழுங்கிய சீவலால் பொறுமையாக நீக்கி, மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதோடு நிறுத்துவர். வெறுங்கையின் வியர்வை உப்பு படாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்குவர். எடை குறைந்ததும் ஈரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிப்பதுமான கிரி மரப்பேழையில், அளவெடுத்த மெத்தைக் குழிவில் வைப்பர்.

தமிழ் வீட்டில் உலோகம் என்றால் துலக்க வேண்டும். புளியும் சாம்பலும் செங்கல் தூளும் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குவதே பேணுதல் என்ற எண்ணம் அன்றாடப் பாத்திரத்திற்குப் பொருந்தும்; பழைய பிடிக்கோ அது மெல்லக் கொல்லும் நஞ்சு. ஆயுதபூசையன்று வாளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு நுனியில் எலுமிச்சை குத்துவதில் பக்தி இருக்கிறது, அமிலமும் ஈரமும் கூட இருக்கின்றன. பூசை முடிந்த அன்றே அவற்றை நீக்கி உலர்த்தாவிடில், கரையோர மாவட்டங்களின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துரு ஆழமாக இறங்கிவிடும். நல்லெண்ணெய் பூசி வைப்பதும் உகந்ததன்று. நாளடைவில் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தோலுறையிலேயே வாளைச் செருகி வைப்பதும் கேடுதான், ஏனெனில் தோலிலுள்ள பதச்சாறு ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கிறது.

இந்தியாவில் இத்துறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களுள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன். 1930-களில் அவர் அங்கு அமைத்த வேதியியல் ஆய்வகத்தில், குளோரைடு ஏறி அரிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் காப்பாற்றினார். அம்முறை தேர்ந்த கைக்கு உரியது. வீட்டுச் சேகரத்திற்கு நிழலான, காற்றோட்டமுள்ள, ஈரப்பதம் தாழ்ந்த இடமும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளும், வெறும் எஃகின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சும் போதுமானவை.

சட்டத்தின் கண்ணில் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாள்பிடி தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டப்படி அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. உள்ளூரில் கைக்கு வரும் பிடியிலோ, கையொப்பம் இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடிய சான்று ஒன்று உண்டு. அது உட்குழிவில் எஞ்சியிருக்கும் அரக்கு. அலகு முதலில் பொருத்தியபடியே இருக்கிறதா, பின்னொரு காலத்தில் மாற்றப்பட்டதா என்பதை அதன் அடுக்கும் நிறமும் காட்டிக்கொடுக்கும். சூடுகாட்டி அலகைக் கழற்றித் துப்புரவு செய்யும் வணிகர் முதலில் சுரண்டி எறிவது அதைத்தான்; எனவே எந்தத் துப்புரவுக்கும் முன் அந்த அரக்கைப் படமெடுத்து, பிடியின் நீளம், எடை, வாங்கிய ஊர், முன்னர் வைத்திருந்த குடும்பம் ஆகியவற்றோடு ஒரு தாளில் குறித்துப் பிடியுடனேயே வைப்பது சேகரிப்பாளரின் முதல் வேலை.