‘மேல்’ என்னும் சொல்லும் பழனிமலைத் திசைகளும்

பழனிமலைச் சரிவிலுள்ள வடகவுஞ்சியின் விளைச்சலும் வழிபாடும் இவ்வூரார்க்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டாதவை. ஆதலின் இக்கட்டுரை, இம்மலை மக்கள் நாளும் நூறு முறை வழங்கும் ‘மேல்’ என்னும் ஒரு சொல்லின் பொருளையும் பிறப்பையும் ஆராய்வதோடு அமைகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக வழங்கும் ‘ஓவர்’ என்னும் சொல், வடமொழியின் ‘உபரி’, கிரேக்கத்தின் ‘ஹைப்பர்’, இலத்தீனின் ‘சூப்பர்’ ஆகியவற்றோடு ஒரே வேரில் கிளைத்தது என்பர் மொழிநூலார். எனினும் அக்குடும்பத்துச் சொற்கள் உயரத்தையும் மிகுதியையும் குறித்ததோடு நின்றுவிட, தமிழின் ‘மேல்’ என்னும் சொல்லோ ஞாயிறு மறையும் திசைக்கே பெயராயிற்று.

இச்சொல் தமிழில் எடுக்கும் பொருள்கள் பல. ‘இனிமேல்’ என்னும்போது வருங்காலத்தையும், ‘மேற்கூறிய’ என்னும்போது சென்ற காலத்தையும், ‘மேல் வலிக்கிறது’ என்று மூதாட்டி சொல்லும்போது உடம்பையும், ‘உன்மேல் ஆணை’ என்னும்போது பற்றுக்கோட்டையும் அது குறிக்கிறது. தொல்காப்பியர் வேற்றுமையியலில் ஏழாம் வேற்றுமைக்கு, அதாவது இடப்பொருளை உணர்த்தும் வேற்றுமைக்கு, உரியனவாகத் தொகுத்த பத்தொன்பது சொற்களுள் கீழும் மேலும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அத்தொகையை இருபத்தெட்டாக விரித்தபோதும் அவ்விணையைப் பிரிக்கவில்லை. பதினெண்மேற்கணக்கு, பதினெண்கீழ்க்கணக்கு என்னும் நூற்பெயர்களில் இச்சொற்கள் அடியளவின் மிகுதி குறைவுகளைச் சுட்டுவனவேயன்றித் தகுதியின் உயர்வு தாழ்வைச் சுட்டுவன அல்ல. அல்லாக்கால் திருக்குறளைத் தன்னகத்தே கொண்ட வரிசையைக் கீழ்க்கணக்கு என்று பெரியோர் வழங்கியிரார்.

திசைப்பொருள் எப்போது வந்தது என்பதே சுவையான வினா. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைக் காரிகிழார் பாடிய புறநானூற்று ஆறாம் பாட்டு, அவன் புகழ் பரவ வேண்டிய எல்லைகளை வரையறுக்கும்போது வடக்கே பனிமலையையும் தெற்கே குமரியையும் கூறிய பின், கீழ்க்கடலைக் ‘குண’ என்னும் சொல்லாலும் மேற்கடலைக் ‘குட’ என்னும் சொல்லாலும் சுட்டுகிறது. அவற்றோடு நில்லாமல், நீருக்கடியில் உள்ள கீழெல்லையையும் ஆனிலை உலகமாகிய மேலெல்லையையும் தனியே எண்ணுகிறது. அப்பாட்டில் குணக்கும் குடக்கும் திசைகளாக நிற்க, கீழும் மேலும் ஆழத்தையும் உயரத்தையும் மட்டுமே உணர்த்துவதை ஊன்றி நோக்குதல் வேண்டும். கீழும் மேலும் கலவாத காற்றின் பெயர்களும் இத்தகைய பழமை உடையனவே: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. வள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தில், பகைவர்க்கு இறுதிக்காலம் வருமளவும் பொறுத்திருந்தால் அவர் தலை தானே கீழே விழும் என்று கூறவந்த இடத்தில் ‘கிழக்கு’ என்னும் சொல்லையே ஆண்டார். அங்கே அச்சொல்லுக்குத் திசைப்பொருள் கொள்ளுதல் ஒல்லாது.

உயரம் குறித்த சொல் மேற்கையும், தாழ்வு குறித்த சொல் கிழக்கையும் உணர்த்தத் தொடங்கியதற்கு நிலமே காரணம் என்று நிறுவியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஆவார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓங்கி நிற்க, நிலம் சரிந்து சரிந்து கீழ்க்கடலில் இறங்குகிற நாட்டில் வாழ்ந்தவர்க்கே இத்தகைய பெயரீடு தோன்றியிருக்க முடியும் என்பது, 1856-இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் காணும் கருத்து. மலையாள நாட்டிலோ மலை கிழக்கே ஓங்கிக் கடல் மேற்கே தாழ்ந்து கிடக்கிறது. அவ்வாறிருந்தும் அங்கும் ஞாயிறு எழும் திசை ‘கிழக்கு’ என்றே வழங்குவதால், அச்சொல் மலைக்கு இப்புறமிருந்து அப்புறம் சென்றதாக அவர் துணிந்தார். மேற்றிசைக்கு மட்டும் மலையாளத்தார் ஞாயிறு படும் இடம் என்னும் பொருளில் ‘படிஞ்ஞாறு’ என்கின்றனர். கன்னடத்தில் மூடண, படுவண என்னும் பெயர்கள் ஞாயிற்றின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றியே பிறந்தன. தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே தொழும் பழனியாண்டவன், மலைமேல் மேற்கு நோக்கி, சேரநாட்டுத் திசையைப் பார்த்தே நின்றருளுகிறான் என்பதை இவ்விடத்தில் நினைந்து கைகூப்புதல் தகும்.

கால்டுவெல்லின் கருத்துக்குப் பழனிமலைத் தொடரைவிடச் சிறந்த சான்று வேறில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் இத்தொடரில், 2,533 மீட்டர் உயர்ந்த வந்தரவு முகடு உட்படப் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய ஊர்கள் அமைந்த மேற்பகுதி மேல்மலை எனவும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் முதலிய ஊர்கள் அமைந்த, ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயர்ந்த கிழக்குப் பகுதி கீழ்மலை எனவும் வழங்குகின்றன. இப்பெயர்களுக்கு உயரம் கொண்டு பொருள் உரைத்தாலும் பொருந்தும். திசை கொண்டு உரைத்தாலும் பொருந்தும். இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

ஆனால் வடகவுஞ்சிச் சரிவில் இவ்விரு பொருளும் பிரிந்துவிடுகின்றன. பழனி இவ்வூருக்கு வடக்கே அடிவாரத்தில் கிடப்பதால், வரதமாநதி அணையைக் கடந்து ‘மேலே’ ஏறி வருபவர் உண்மையில் தெற்கு நோக்கியே வருகிறார். ‘கீழே’ இறங்குபவர் வடக்கே செல்கிறார். இச்சரிவின் ஓடைகளும் கிழக்கே போகாமல் வடக்கே இறங்கிச் சண்முகநதியோடு சேர்ந்து அமராவதியை அடைந்து, கரூரை அடுத்துக் காவிரியில் கலந்த பிறகே கீழ்க்கடலைக் காண்கின்றன. ஆகவே இங்கே ஒரு காட்டின் கிரயப் பத்திரத்தில் ‘ஓடைக்கு மேற்கு, இன்னார் பட்டா நிலத்துக்குக் கிழக்கு’ என்று எழுதினால் அது திசை. அதே காட்டில் நின்று ‘மேலே இருக்கிறார்’ என்று சொன்னால் அது சரிவின் உயரம். பிற ஊரில் மேலத்தெருக்காரர் மேற்கே போவதா மேலே போவதா என்று மயங்கத் தேவையில்லை. இங்கே ‘மேக்க’ என்பதும் ‘மேலே’ என்பதும் வெவ்வேறு வழிகள். அண்மையிலுள்ள மேல்பள்ளத்தின் பெயரோ இன்னும் நுட்பமானது: தாழ்வைக் குறிக்கும் பள்ளத்துக்கே மேல் என்னும் அடை கொடுத்து, எந்த உயரமும் மற்றொன்றை நோக்கியே உயரம் என்பதை ஓர் ஊர்ப்பெயருக்குள் முன்னோர் அடக்கிவிட்டனர்.

வடகவுஞ்சியின் பெயரில் நிற்கும் ‘வட’ என்னும் அடை, மேல்மலைக் கவுஞ்சியிலிருந்து இவ்வூரைத் திசையால் பிரித்துக் காட்டுவது என்று கொள்வதே பொருத்தம். திசைப்பெயரோடு வேறொரு சொல் சேரும்போது முன்னிற்கும் சொல்லின் ஈற்று உயிர்மெய்யும் அதனை அடுத்த ககர ஒற்றும் நீங்கும் என்னும் நன்னூல் விதிப்படி, வடக்கு என்பது ‘வட’ என்று குறைந்து கவுஞ்சியோடு இணைந்தது. அப்பர் பெருமான் இறைவனைக் காணாமல் உண்ணேன் என்று நோன்பிருந்த பழையாறை வடதளியும், அவரும் சுந்தரரும் பாடிய கச்சித் திருமேற்றளியும் இவ்வாறே திசையால் பெயர்பெற்ற திருத்தளிகள் என்பதை அறியும்போது, இவ்வூர்ப்பெயர் எத்துணைப் பெரிய மரபின் வழியில் வந்தது என்பது விளங்கும்.

இறைவனிடத்திலோ மேல் கீழ் என்னும் அளவு செல்லாது. ஏழு பாதாளங்களுக்கும் கீழே சொல்லுக்கு எட்டாத இடத்தில் அவன் திருவடி இருப்பதாகவும், திருமுடியோ எல்லாப் பொருள்களுக்கும் முடிவாய் நிற்பதாகவும் திருவெம்பாவையில் மாணிக்கவாசகர் பாடுகிறார். முருகன் அடியார் வழக்கிலும் மலைமேல் உள்ள கோயிலுக்கு முன்னே அடிவாரத்துத் திருவாவினன்குடியை வணங்குவதே முறை. திருமுருகாற்றுப்படை சிறப்பிக்கும் படைவீடும் அதுவே. மேலிடத்தில் இருந்தாலும் மேன்மைப் பண்பு இல்லாதவர் மேலோர் ஆகார் என்று பெருமை அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதற்கும் இத்திருத்தலம் உரையாய் விளங்குகிறது.

பட்டாவும் வரைபடமும் எண்களால் நிலத்தைக் குறிக்கும் இந்நாளில், ஒவ்வொரு காட்டுக்கும் ஓடைக்கும் பாறைக்கும் முன்னோர் இட்ட பெயர்கள் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. எனவே வடகவுஞ்சி, மேல்பள்ளம், சவரிக்காடு ஆகிய ஊர்களின் இளைஞர்கள், தம் பாட்டன் பாட்டியரைத் தோட்டத்துக்கே அழைத்துச் சென்று, அப்பெயர்களை ஒன்றுவிடாமல் கேட்டு எழுதி, ஒவ்வொரு பெயரிலும் வரும் மேலும் கீழும் திசையா உயரமா என்பதையும் அருகே குறித்து, ஊராட்சி அலுவலகத்திலும் ஊர்ப் பள்ளியிலும் ஒவ்வொரு படி வைக்க முன்வருமாறு அன்போடு வேண்டப்படுகிறார்கள்.